சம்பந்தி அனுப்பிய கணவாய்

சாமல்பட்டி

மதிப்பிற்குரிய சம்பந்தி மணிவேல் அவர்களுக்கு, வெங்கடப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் செல்வம்மாளும், மகன் சிவராஜும், உங்கள் மகள் சுஜாதாவும், அவள் வயிற்றிலுள்ள பேரப்பிள்ளையும் நலம். தரங்கம்பாடியில் எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் சுஜாதா காதில் விழும். அதனால் கணவாய் மீன் வந்த உங்கள் தெர்மாகோல் பெட்டியைத் திருப்பி அனுப்பும் சாக்கில் இதை உள்ளே வைக்கிறேன்.

மசக்கை தீர்ந்தும் சுஜாதா சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள், ரத்தமும் கம்மி என்று நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு நீங்கள் பஸ்ஸில் கணவாய் அனுப்பியது பெரிய மனசு. ஆனால் நாங்கள் அணை மீனையும் கருவாட்டையும் தவிர வேறு அறியாதவர்கள். செல்வம்மாள் ஒன்றில் கத்தி வைத்ததும் தொட்டி முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அழுகிப்போச்சு என்று அவள் மொத்தத்தையும் குப்பைக்குழியில் கொட்டப் போக, சுஜாதா ஓடிவந்து தடுத்தாள். "அத்தை, அது மை. எல்லாக் கணவாயிலயும் இருக்கும். கெட்டிருந்தா நாத்தமே காட்டிக்கொடுத்துரும்." மோந்து பார்த்தோம், கடல் வாசம்தான்; ஐஸும் கரையவில்லை. அப்புறம் அவளே மைப்பையை எடுத்துவிட்டு, வளையம் வளையமாக நறுக்கி, மிளகு போட்டு வறுத்தாள். சம்பந்தி, அன்றைக்கு அவள் தட்டு நிறையச் சாப்பிட்டு, இன்னொரு கரண்டியும் கேட்டு வாங்கினாள். செல்வம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகு நெடி என்றாள். நானும் மரியாதைக்குக் கொஞ்சம் தின்றேன், ருசியாகத்தான் இருந்தது.

பிறகு தோட்டத்துப் பக்கம் போய் வந்து, பல்லிடுக்கில் மாட்டியதை எடுக்கலாமென்று பைக் கண்ணாடியில் பார்த்தால் என் நாக்கு கருநீலம். விஷம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். என் உயிர் கிடக்கட்டும், என்னைவிட அதிகம் தின்ற மாசமான பிள்ளை உள்ளே படுத்திருக்கிறதே என்று வீட்டுக்குள் ஓடினேன். அவள் பயந்துவிடக் கூடாதென்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். நிம்மதியாகத் தூங்கினாள், அதுவே எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. மூச்சு வருகிறதா பார்த்துக்கொண்டே இரு என்று செல்வம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, ஊத்தங்கரையில் டாக்டரம்மாவிடம் பறந்தேன்.

அரிப்பு, தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல் உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்தார்.

"கணவாய்க்கு அப்புறம் வேற என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. தோட்டத்துல நாவப்பழம் கெடந்துச்சு, பொறுக்கித் தின்னேன்."

டாக்டரம்மா டார்ச்சை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மருமகளைப் பற்றிக் கேட்டேன். கணவாயில் நல்ல புரதம் இருக்கிறது, ஐஸில் கெடாமல் வந்து நன்றாக வெந்திருந்தால் மாசமானவர்களும் அளவாகச் சாப்பிடலாம், இறால் நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றார். வெளியே வந்து பைக் கண்ணாடியில் நாக்கை இன்னொரு தடவை நீட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்தால் சுஜாதா எழுந்து, ஃபிரிட்ஜில் இருந்த மிச்சத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

ஆகவே சம்பந்தி, கடலில் நீந்துவது, ஊர்வது, பாறையில் ஒட்டியிருப்பது எதுவானாலும் தயங்காமல் அனுப்புங்கள். இந்த வெங்கடப்பன் இனி எதற்கும் பயப்பட மாட்டான். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். உங்கள் வலை எந்நாளும் நிறையட்டும். நான் ஆஸ்பத்திரி போனது சுஜாதாவுக்குத் தெரிய வேண்டாம்.

இப்படிக்கு,
வெங்கடப்பன்

பி.கு.: பெட்டியை மூடும்போது சுஜாதா வந்து, அடுத்த தடவை அப்பாவிடம் இதைத்தான் கேட்கப் போகிறேன் மாமா என்று செல்லில் ஒரு படம் காட்டினாள். எட்டுக் கை, கையெல்லாம் வாய் வாயாக இருக்கிறது. பெயரே பேய்க்கணவாயாம். மேலே கடைசிப் பத்தியில் இருப்பதை நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கரா மீன் போதும்.