கடல் காற்றுக் கட்டுப்பாட்டுக் குழு

மனிதன் கடலைக் கண்டுபிடித்ததைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள். அதில் என்ன இருக்கிறது? அது அத்தனை பெரிதாக அங்கேயே கிடந்தது. கண் இருந்தவன் கண்டான். கடற்கரை வரைக்கும் பயணம் போய், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கம்பி வேலிக்குள் நின்று பந்தடிக்கலாம் என்று கண்டுபிடித்தானே, அதுதான் நாகரிகத்தின் உச்சம். அந்த உச்சத்தையும் இன்னும் ஒரு முழம் உயர்த்திய பெருமை நம் கண்காணிப்பாளரைச் சேரும்.

அவர் எதைக் கண்காணித்தார் என்பது அவருடைய அலுவலகத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அவர் கண்ணில் படாமல் ஒரு கோப்பும் நகர்ந்ததில்லை. பட்ட பிறகும் நகர்ந்ததில்லை. மாலையானால் அலுவலர் மன்றத்தில் டென்னிஸ். அவர் மனைவி கடல் இல்லாத ஊரில் பிறந்து, கடல் இல்லாத ஊருக்கே வாழ்க்கைப்பட்டவள். கல்யாணமான புதிதில், "உன்னக் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன், ரெண்டு பேரும் கையப் பிடிச்சுக்கிட்டு அலையில நிப்போம்" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவளும் அதை நம்பித் தொலைத்தாள். அந்த வாக்குறுதி தணிக்கை, பதவி உயர்வு, மகளின் பரீட்சை என்று வருஷக்கணக்காக ‘பரிசீலனையில்’ இருந்தது. கடைசியில், வேலைக்குப் போன மகள்தான் பொறுக்க மாட்டாமல் கடற்கரை விடுதி ஒன்றில் அறை பிடித்துக் கொடுத்தாள்.

"அப்பா, எனக்கு வேற எதுவும் வேண்டாம். நீங்களும் அம்மாவும் கடல்ல நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ அனுப்புங்க."

"ஒண்ணு என்னம்மா, பத்து அனுப்பறேன்."

மனைவி, நனைந்தாலும் பரவாயில்லை என்று ஒரு பழைய நூல் புடவையை மடித்துப் பெட்டியின் மேலாக வைத்தாள். அவர் அதற்கு மேல் இரண்டு டென்னிஸ் மட்டைகளை வைத்தார். புடவை அடியில் போய்விட்டது.

முதல் நாள் காலை ஜன்னலைத் திறந்தால் தென்னைகளுக்கு நடுவே கடல் மினுங்கியது. அவள் புடவையைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"என்னங்க, கிளம்பலாமா?"

"ஆடுகளத்த ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன். அஞ்சே நிமிஷம்."

ஆடுகளம் விடுதிக்கும் மணலுக்கும் நடுவில் இருந்தது. அங்கே அவர் கண்ட காட்சியை அவர் எதிரிக்கும் காட்டக் கூடாது. டென்னிஸின் வெள்ளைக் கோடுகளுக்கு உள்ளே யாரோ மஞ்சள் கோடுகள் போட்டிருந்தார்கள். நான்கு பேர் கையில் சின்னப் பலகை மட்டைகளை வைத்துக்கொண்டு, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்து ஒன்றை ‘டொக் டொக்’கென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். வலையின் நடுப்பகுதி ஒரு பட்டையால் கீழே இழுத்துக் கட்டப்பட்டிருந்தது.

"என்ன இது?"

தொப்பி போட்ட ஒருவர் சிரித்த முகமாக வந்தார். தொழிலால் பல் மருத்துவர். "பிக்கிள்பால் சார். இப்ப எங்க பார்த்தாலும் இதான். மூட்டு வலிக்கு ரொம்ப நல்லது."

"எனக்கு மூட்டு வலி இல்ல."

"வரும் சார்" என்றார் மருத்துவர் அன்பாக.

"வலைய யாரு இறக்கினது?"

"நாங்கதான். ரெண்டு விரல் அளவு கம்மியா இருக்கணும்."

"டென்னிஸ் வலைய இறக்கறதும் ஆபீஸ்ல என் நாற்காலிய இறக்கறதும் ஒண்ணு, தெரியுமா?"

விவகாரம் முற்றி, விடுதியின் வரவேற்பறையில் அவசரக் கூட்டம் கூடியது. விடுதி மேலாளர் ‘நடுநிலை’ வகித்தார். அதாவது இரண்டு பக்கமும் தலையை ஆட்டினார். தலைவர் நாற்காலியில் கண்காணிப்பாளர் முதலிலேயே உட்கார்ந்துவிட்டபடியால், அவரே தலைவராக ‘ஏகமனதாக’த் தேர்ந்தெடுக்கப்பட்டார். காலையில் வலை டென்னிஸ் உயரத்திலும், மாலையில் பிக்கிள்பால் உயரத்திலும், மற்ற நேரங்களில் யாருக்கும் பயன்படாத ஓர் இடைப்பட்ட உயரத்திலும் இருக்கும் என்று வரலாற்றுச் சிறப்புமிக்க உடன்பாடு ஏற்பட்டது. கைதட்டலுக்கு நடுவே மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, வெயில் ஏறிடுச்சு."

"கூட்டம் நடக்குதுல்ல? கடல் எங்க ஓடிப் போகப் போகுது?"

கடல் ஓடிவிடும் என்ற பயம் அவளுக்கு இல்லை. இவரைப் பற்றித்தான் பயம்.

மறுநாள் நல்லெண்ண அடிப்படையில் இரண்டு தரப்பும் ஆட்டத்தை மாற்றிக்கொண்டு ஆடின. பிக்கிள்பாலில் தலைவர் மருத்துவரிடம் மண்ணைக் கவ்வினார். டென்னிஸில் மருத்துவர் தலைவரிடம் கவ்வினார். தோல்விக்கான காரணங்களை இருவரும் தனித்தனியாக ஆராய்ந்ததில் ஒரே முடிவு வந்தது: காற்று. மேலே போட்ட டென்னிஸ் பந்து தலைக்கு நேராக இறங்கவில்லை. பிளாஸ்டிக் பந்தோ தன் இஷ்டத்துக்கு அக்கம்பக்கம் போய் விசாரித்துவிட்டு வந்தது. மேலாளர் வரவழைக்கப்பட்டார்.

"இந்தக் காத்து எங்கிருந்து வருது?" என்றார் தலைவர்.

"கடல்லேர்ந்து சார்."

"கடல் யார் பொறுப்புல இருக்கு?"

"அது... விடுதி கட்டறதுக்கு முன்னாடியிலேர்ந்தே இருக்கு சார்."

"அப்ப, அனுமதி வாங்காம இருக்குன்னு சொல்லுங்க."

"அலைச் சத்தத்துல பந்து மட்டையில படற சத்தமே கேக்க மாட்டேங்குது" என்று மருத்துவர் தம் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். "ராத்திரி பகல்னு இல்லாம அடிச்சிட்டே இருக்கு. ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

குழு அன்றே ‘கடல் காற்றுக் கட்டுப்பாட்டுக் குழு’வாக விரிவாக்கம் பெற்றது. கடல் பக்கம் முழுவதும் ஆளுயரத்துக்கு இருமடங்காகப் பச்சைத் துணி கட்டப்பட்டது. காற்று நின்றது. கடலும் மறைந்தது. கடலைப் பார்க்கத்தானே வந்தோம் என்று விருந்தினர் சிலர் முணுமுணுத்தார்கள். மக்கள் குரலுக்குச் செவிசாய்க்காதவரா தலைவர்? விடுதி வாசலில் தொங்கிய பெரிய விளம்பரப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து பச்சைத் துணியின் மேல் கட்டச் சொன்னார். படத்தில் நீலக் கடல். அதில் காற்று இல்லை, சத்தம் இல்லை, உப்பும் இல்லை. சூரியன் எந்நேரமும் பாதி மூழ்கிய நிலையிலேயே நின்று நிர்வாகத்துடன் ஒத்துழைத்தது.

"அசலை விட இது நல்லாருக்கே சார்!" என்று மருத்துவர் மெய்மறந்தார்.

மணல் ஒன்றுதான் மிச்சம். கடலுக்குப் போய்வரும் ஆட்கள் அதைக் காலில் கொண்டு வந்து கோடுகளின் மேல் கொட்டினார்கள். களத்தின் கதவில் பலகை தொங்கியது: ‘காலில் மணலுடன் உள்ளே வருவது கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது. இப்படிக்கு, தலைவர்.’

இந்த நாட்களில் எல்லாம் மனைவி என்ன செய்தாள்? காலையில் அந்தப் புடவையைக் கட்டினாள், ராத்திரி அவிழ்த்து மடித்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் படாமலே புடவை கசங்கிப் போயிற்று. தனியாகப் போக அவளுக்குத் தெரியாமல் இல்லை; படி இறங்கினால் மணல்தான். ஆனால் அவள் காத்திருந்தது கடலுக்காக மட்டும் இல்லை. அதை நினைத்தால் கதை சொல்லும் நமக்கே வயிற்றைப் பிசைகிறது. அவருக்குப் பிசையவில்லை, ஆட்டத்துக்கு முன் வாழைப்பழம் சாப்பிடும் நல்ல பழக்கம் அவரிடம் இருந்தது.

கடைசி நாள். இருட்டியதும் ஊருக்கு வண்டி. அன்று மாலைதான் ‘நல்லிணக்கக் கோப்பை’: முதல் பாதி டென்னிஸ், பின்பாதி பிக்கிள்பால்.

"இன்னிக்கு விட்டா இல்லைங்க" என்றாள் அவள், வேலிக்கு வெளியே நின்று.

"இந்த ஒரு ஆட்டந்தான். முடிஞ்ச கையோட நேரா கடல். சத்தியமா!"

ஆட்டம் முடிந்தது, அவர்தான் ஜெயித்தார். முடிந்த கையோடு பரிசளிப்பு. அதைத் தொடர்ந்து தலைவரின் ஏற்புரை. "இந்த வெற்றிக்குப் பின்னால் நிற்கும் என் மனைவி..." என்று அவர் நெகிழ்ந்து கையை நீட்டியபோது, பின்னால் வேலி மட்டும் நின்றது. கூட்டம் வேலிக்குக் கைதட்டியது.

பையிலிருந்த போன் சிணுங்கியது. மகள். ‘போட்டோ எங்கப்பா?’

அடடா, போட்டோ! எந்தச் சிக்கலுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு கண்டுபிடிக்கும் அந்த மூளை விழித்துக்கொண்டது. விளம்பரப் படத்துக்கு முன்னால் போய், கோப்பையை மார்போடு அணைத்து நின்றார். மருத்துவர் படம் பிடித்தார். மகளுக்கு உடனே அனுப்பியாயிற்று. பதிலும் உடனே வந்தது. ‘கடல் சூப்பர்ப்பா. அம்மா எங்க?’

அப்போதுதான் அவருக்கும் அந்தச் சந்தேகம் வந்தது.

நிமிர்ந்து பார்த்தார். கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தலைமுடி காற்றில் கலைந்து கிடந்தது. கண் சிவந்திருந்தது, உப்புத் தண்ணீர் பட்டதாலும் இருக்கலாம். பாதமெல்லாம் மணல்.

"வந்துட்டியா! சீக்கிரம் உள்ள வா. இந்தப் படத்துக்கு முன்னாடி வந்து நில்லு. பொண்ணு போட்டோ கேக்கறா."

அவள் பலகையைப் பார்த்தாள். "என் கால்ல மணல் இருக்குங்க."

குழு மொத்தமும் தலைவரைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலைவர்ங்கிற முறையில, இந்த ஒரு தடவை மட்டும் சிறப்பு அனுமதி..."

"வேண்டாங்க. தலைவர் உள்ளயே இருக்கட்டும்." அவள் குரலில் கோபம் இல்லை. "அங்க என் வீட்டுக்காரர் இருந்தா மட்டும் கொஞ்சம் வெளிய அனுப்பி வைங்க. வண்டி வர இன்னும் நேரம் இருக்கு. நான் அலையில நிக்கறேன்."

சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

தலைவர் தம் பொறுப்பை உணர்ந்து களத்தின் நான்கு மூலைகளையும் பார்த்தார். வலைக்கு அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தார். அப்படி ஓர் ஆள் உள்ளே இருப்பதாகத் தெரியவில்லை.