புல்லட்டில் ஏழு கூறு

அந்தோணிராஜ் வேலையை விடுவதென்று முடிவெடுத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல், ஆவடி மாதா கோயில் தெருவில் உள்ள தன் ஒற்றை அறை வீட்டின் நடுவில் நின்றுகொண்டு முடிவெடுத்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மிஷினுக்குத் தகடு ஊட்டி ஊட்டி ஓய்ந்த கை, இனிமேல் சீட்டுக்கட்டை மட்டும்தான் தொடும்.

இந்த ஞானத்தை அவனுக்குக் கொடுத்தவன் ராயல் ராக்கி. செல்போனுக்குள் வாழ்கிறவன். போக்கர் ஆடியே கோடீஸ்வரன் ஆனதாக அவனே சொல்லிக்கொள்கிறவன். விரல்களைவிட மோதிரங்கள் அதிகம். ராத்திரியிலும் கூலிங் கிளாஸ். பின்னால் எப்போதும் ஒரு சிவப்புக் கார் நிற்கும். அதன்மேல் சாய்ந்துகொண்டு, “வேலைக்குப் போறவன் அடுத்தவனை வாழ வைக்கிறான், ரிஸ்க் எடுக்கிறவன்தான் தானும் வாழறான்” என்பான். அதைக் கேட்டால் அந்தோணிராஜுக்கு முதுகு தானாக நிமிரும். மறுநாள் ஷிப்டில் தானாக வளைந்துவிடும்.

அடுப்பில் கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஹில்டா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா மாமா, நல்ல சட்டையோட நிக்கற? குழம்பு தெறிச்சா கறை போவாது.”

“நான் வேலைய உட்டுடப் போறேன் ஹில்டா.”

“சரி. இந்த வெங்காயத்த உரி.”

“வெளையாட்டுக்குச் சொல்லலமே. போக்கர் ஆடப் போறேன். இந்தாளப் பாரு. சொம்மா சீட்ட விசிறி விசிறி எப்டி வாழறான் பாரு. காரப் பாரு.”

ஹில்டா கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றல்ல, வரிசையாக நாலைந்து வீடியோ பார்த்தாள். ஹில்டாவின் முகத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது கோயில் சொரூபம் மாதிரி. மெழுகுவத்தி ஏற்றினாலும் ஒரே மாதிரி, அணைத்தாலும் ஒரே மாதிரி. அதைப் பார்த்து உள்ளே என்ன ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, கல்யாணமான நாளிலிருந்து அவனும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறான்.

“ஏன் மாமா, இந்தாளு கார ஓட்டவே மாட்டாரா?”

“இன்னா?”

“எல்லாத்துலயும் சாஞ்சுகினே நிக்கறாரு. ஒரு தபா கூட உள்ள குந்தல. கையில சாவியக் காணோம். அது அவரு காருதானா?”

“உனக்குப் பொறாமை.”

“தோத்துப்போன வீடியோ ஒண்ணு கூட இல்லியே. சீட்டாட்டத்துல தோக்காத ஆளு எங்கனா கீறானா? சரி, ஜெயிச்சாருன்னே வெச்சுக்க. யாரு துட்டுல ஆடினாரு? ஜெயிச்சதுல யாராருக்கு எவ்ளோ போச்சு? அதச் சொன்னாரா?”

“அவன் கையி, அவன் சீட்டு, அவன் காரு. அவ்ளோதான்.”

“நீ கூடப் போய் பாத்துகினு வந்த மாதிரி பேசற.”

அந்தோணிராஜ் செல்போனைப் பிடுங்கிக்கொண்டான். இனி மறைப்பதில் லாபமில்லை. விஷயத்தைப் போட்டு உடைத்தான். சென்னீர்குப்பத்தில் ஒரு மனமகிழ் மன்றம் ஆண்டு விழா நடத்துகிறது. அதில் போக்கர் போட்டி. முதல் பரிசு புத்தம் புது புல்லட் வண்டி. அதை ஜெயித்து, அதிலேயே எஸ்டேட்டுக்குப் போய், சூப்பர்வைசர் முன்னால் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, ராஜினாமாவைக் கொடுப்பதாகத் திட்டம்.

“போட்டியில சேர துட்டு கட்டணும்” என்றான். அவன் கண் அலமாரியில் இருந்த பால்மாவு டப்பா பக்கம் போனது. கண்தான் போனது. கை இன்னும் கிளம்பவில்லை.

“அது பாப்பா எல்.கே.ஜி. சேர” என்றாள் ஹில்டா.

“ஜெயிச்சதும் திருப்பி வெச்சுடறேன்மே.”

“தோத்துட்டா ரெனிதா இன்னொரு வருசம் ஊட்லயே குந்திகினு உங்கூட ராக்கி பாக்கும். அப்டித்தான?”

அந்தோணிராஜுக்குச் சுருக்கென்றது. ஆனால் இன்று பின்வாங்கினால் என்றைக்குமே முன்வாங்க முடியாது. மார்பை நிமிர்த்தினான்.

“இந்த ஊட்ல நான் சொல்றது என்னிக்குனா நடந்துகீதா? இந்த தபா போவேன். நீ அழுதாலும் போவேன். பங்குச்சாமியார் வந்து குறுக்க நின்னாலும் அவரச் சுத்திகினு போவேன்.”

“போயேன். யாரு வேணான்னா?”

சண்டைக்கு ஏழெட்டு வசனம் தயார் செய்து வைத்திருந்தான். எல்லாம் வாயிலேயே ஊறிப்போனது.

“டப்பாவ மட்டும் தொடாத” என்றாள் அவள். “கட்டற துட்ட நான் பொரட்டித் தரேன். கிறிஸ்மஸுக்கு ஆடு வாங்குவோமே, அந்த மாதிரி.”

அந்தத் தெருவில் தனியாக ஓர் ஆடு வாங்கும் வசதி யாருக்கும் இல்லை. கிறிஸ்மஸ் வந்தால் பல வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்குவார்கள். மாதா கோயிலுக்குப் போகிற வீடு, அம்மன் கோயிலுக்குப் போகிற வீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. வெட்டி, கறியைச் சமமாகக் கூறு போட்டு, துட்டு போட்டவர்களுக்கு ஆளுக்கொரு கூறு. வெட்டுகிற வேலை அந்தோணிராஜுடையது. அவன் துட்டு போடுவதில்லை. அதனால் கறியில் அவனுக்கு ஒரு துண்டும் கிடையாது. வெட்டினவனுக்குத் தலையும் தோலும். தெருவின் சட்டம் அது. தலைக்கறி என்றால் உயிரை விடுகிற அந்தோணிராஜே போட்ட சட்டம்.

“இப்ப புல்லட்டுதான் ஆடு. கெடச்சா அதே வழக்கப்படி பிரிச்சுக்கலாம். கெடைக்கலன்னா ஆளுக்குக் கொஞ்சம் நஷ்டம், யாரு ஊடும் முழுவாது. சரியா மாமா?”

அவன் அப்போது புதுக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு சுவர்க் கண்ணாடியில் தன்னையே ரசித்துக்கொண்டிருந்தான். ஜெயித்தபின் அவனவனுக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் கொடுத்தால் முடிந்தது என்று நினைத்துக்கொண்டான்.

“இன்னாவோ பண்ணு.”

“அதே வழக்கம்னா அதே வழக்கந்தான். அப்பால பேச்சு மாறக்கூடாது.”

“ராஜா பேச்சு மாறமாட்டான்மே.”

“சரி, ராஜா. அம்மா ஊட்டுக்கு எப்ப போறது? வேப்பம்பட்டுலேந்து தினம் போன் பண்ணுது.”

“வண்டி இல்லியே ஹில்டா. குழந்தைய வெச்சுகினு அந்த ரயில் கூட்டத்துல எப்டி?”

ஒவ்வொரு ஞாயிறும் அவன் சொல்கிற பதில் இது. மாமியார் வீட்டுக்குப் போனால், மூத்த மருமகன் உதயகுமார் ஃபிரிட்ஜ் வாங்கிய கதையை ஆதியிலிருந்து கேட்க வேண்டும். பின்னாலேயே வாஷிங் மிஷின் கதை. வண்டி இல்லாதது கர்த்தர் அவனுக்குக் கொடுத்த வரம்.

மறுநாளிலிருந்து தெருவில் அவன் மதிப்பு ஏறிவிட்டது. பக்கத்து வீட்டு இஸ்திரிக் கடை கங்காதரன் அவன் தோளை, புஜத்தை எல்லாம் அழுத்திப் பார்த்தான். சந்தையில் ஆட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தான்.

“அண்ணாத்தே, நேரத்துல தூங்கு. வெயில்ல சுத்தாத. என் கூறு உன் மேல கீது.”

மாடி வீட்டு சுதா தினம் ஓர் அவித்த முட்டை அனுப்பினாள். தெருக்கோடி கோவிந்தன், “பஜ்ஜி கிஜ்ஜி துன்னு வவுத்தக் கெடுத்துக்காத நைனா” என்று டீக்கடையிலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்து விட்டார். போட்டிக்குக் கட்டும் துட்டை ஹில்டா பிரித்த ஏழு கூறில் ஆறு விற்றுப்போனது. ஏழாவதை, புடவைக்கு ஃபால்ஸ் தைத்துச் சேர்த்த காசில் ஹில்டாவே வாங்கினாள். என் பொண்டாட்டிக்கே என்மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று அந்தோணிராஜுக்குக் கண் கலங்கியது. கூலிங் கிளாஸ் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

கண்ணாடியை அவன் கழற்றுவதே இல்லை. போக்கரில் முகம் எதையும் காட்டக்கூடாதாம். வீட்டிலேயே பழகினான்.

“டீக்கடைல மறுபடியும் பஜ்ஜி துன்னியா மாமா?”

“இல்லியே.”

“துன்ன.”

“எப்டிமே? கண்ணுதான் தெரியலியே?”

“பொய் சொன்னா உன் கால் கட்டவெரல் ஆடும். கண்ண எவ பாத்தா?”

அதனால் போட்டிக்கு அவன் ஷூ போட்டுக்கொண்டு போனான்.

கல்யாண மண்டபத்தில் மேஜை மேஜையாக ஆட்கள். சினிமாவில் வருகிற மாதிரி இருக்கட்டும் என்று விளக்குகளைப் பாதி அணைத்துவிட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடியும் சேர்ந்ததில் அந்தோணிராஜுக்குத் தன் சீட்டில் இருப்பது ராஜாவா ராணியா என்றே தெரியவில்லை. தெரியாத சீட்டை வைத்து என்ன ஆடுவது? வந்ததையெல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான். அதற்குள் மற்றவர்கள் ஒருவரையொருவர் அடித்துக் காலி செய்துகொண்டு எழுந்து போனார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டே பேர். ஒன்று அவன். இன்னொன்று பூந்தமல்லியில் அரிசி மண்டி வைத்திருக்கும் ஆனந்தன்.

போக்கரில் கையில் ரெண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த அஞ்சு சீட்டு. இந்த ஏழிலிருந்து நல்லதாக அஞ்சு சேர்க்க வேண்டும். அஞ்சும் ஒரே ஜாதியாக அமைந்தால் பெரிய கை. நடுவில் மூன்று ஸ்பேடு கிடந்தது. அந்தோணிராஜ் தன் ரெண்டையும் மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். ஸ்பேடு. இன்னொன்றும் ஸ்பேடு. மாதாவே என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, எதிரில் இருந்த பந்தய வில்லைகளை மொத்தமாக நடுவில் தள்ளினான்.

ஆனந்தன் தன் சீட்டைப் பார்த்தார். அந்தோணிராஜின் முகத்தைப் பார்த்தார். குனிந்து காலைக்கூடப் பார்த்தார். ஷூ.

“மெய்யாலுமே கீதா மாமே, இல்ல சொம்மா உடறியா?”

“கீது” என்றான் அந்தோணிராஜ். ஞானஸ்நானம் வாங்கின குழந்தை மாதிரி அத்தனை பரிசுத்தமாகச் சொன்னான். பொய்யே இல்லாத முகத்தில் பொய்யைத் தேடி ஆனந்தன் அலுத்துப்போனார். சீட்டைக் கவிழ்த்துவிட்டு, மிச்சமிருந்த கொஞ்ச வில்லைகளில் இனி என்ன ஆடுவது என்று எழுந்தே விட்டார். எதிராளி கவிழ்த்துவிட்டால் நம் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. மண்டபம் கைதட்டியது.

வேர்வையைத் துடைக்கக் கண்ணாடியைத் தூக்கியவன் தன் சீட்டைப் பார்த்தான். ஒன்று ஸ்பேடு. இன்னொன்று ஆட்டின், சிவப்பு இதயம் போட்ட சீட்டு. ஆட்டினைத் தலைகீழாகப் பிடித்தால் ஸ்பேடு மாதிரிதான் இருக்கும். கறுப்புக் கண்ணாடிக்குச் சிவப்பும் கறுப்பும் ஒன்று. அவன் கையில் ஒன்றுமே இல்லை. அவசரமாகச் சீட்டைக் கட்டுக்குள் சொருகினான்.

மாலையும் புல்லட்டுமாகத் தெருவுக்குள் வந்தபோது சனம் கூடிவிட்டது. “எப்டி அண்ணாத்தே ஜெயிச்ச?” என்றான் கங்காதரன்.

“தெறமை” என்றான் அந்தோணிராஜ், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

ஹில்டா அவன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். 

புல்லட்டில் ஒரு கையை ஊன்றிச் சாய்ந்து நின்றான். சுதா போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோ ஆவடியில் கிளம்பி, அவன் வண்டியிலிருந்து கையை எடுப்பதற்குள் அம்பத்தூர் எஸ்டேட் முழுக்கச் சுற்றிவிட்டது. கூட வேலை செய்யும் செல்வகுமார், “மச்சான், எங்கயோ போயிட்ட” என்று எழுதியிருந்தான்.

காலையில் ராஜினாமாவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாவியைச் சுழற்றியபடி வெளியே வந்தான். கங்காதரன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“நீ எதுக்குப்பா தொடைக்கற?”

“இன்னிக்குத் திங்கக்கெழம இல்ல? என் கூறு. சாவியக் குடு அண்ணாத்தே.”

அந்தோணிராஜ் வீட்டுக்குள் பாய்ந்தான்.

“இன்னாமே நடக்குது?”

“புல்லட்ட இன்னா, கத்தி வெச்சா அறுக்க முடியும்? ஏழு கூறு, ஏழு நாளு. திங்கள் கங்காதரன் அண்ணனுக்கு, செவ்வா சுதாக்காவுக்கு, பொதன் கோவிந்தன் பெரியவருக்கு. மத்ததும் போயாச்சு.”

“என் கூறு?”

“வெட்டினவனுக்குத் தலையும் தோலும்.” ஹில்டா அலமாரிக்குப் பின்னாலிருந்து இரண்டு பொருளை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஒன்று புல்லட்டோடு வந்த ஹெல்மெட். இன்னொன்று மழைக்கு வண்டியை மூடுகிற உறை.

“ஆடினது நானு. ஜெயிச்சது நானு. வண்டி என் பேருமே.”

“ஆமா மாமா. பேரு உன்னுதுதான், யாரு இல்லன்னா? போலீஸு ஃபைன் போட்டா உனக்குத்தான் வரும்.”

அவன் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தான். அந்தக் கோலத்திலேயே ஷேர் ஆட்டோவில் ஏறினான். கேட்டில் செல்வகுமார், “புல்லட்டு எங்க மச்சான்?” என்றான்.

“சர்வீஸ்ல கீது.”

“புது வண்டிக்கு இன்னா சர்வீஸு?”

“பெரிய வண்டின்னா அப்டித்தான்.”

ராஜினாமா பையிலேயே இருந்தது. நாள் முழுக்க, அவன் சாய்ந்து நின்ற போட்டோவை ஒவ்வொருத்தரும் காட்டிக் காட்டிப் பெருமூச்சு விட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ராயல் ராக்கியின் புது வீடியோ வந்தது. சிவப்புக் காரில் சாய்ந்து நின்றான். அந்தோணிராஜ் முதல்முறையாக மோதிரங்களை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்த்தான். சாவி இல்லை. உனக்கு எந்தக் கிழமையும் இல்லையா ராஜா என்று மனதுக்குள் கேட்டான்.

சாயங்காலம் வீட்டில் ரெனிதா புதுப் பையை மாட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். எல்.கே.ஜி.யில் சேர்த்தாகிவிட்டது. பால்மாவு டப்பாவில் இப்போது முறுக்கு இருந்தது.

அந்தோணிராஜ் ஒரு முறுக்கை நொறுக்கினான். குரலை இறக்கவே கூடாது என்று இறக்காமலே கேட்டான்.

“ஏழாவது கூறு உன்னுதுதான? ஞாயித்துக்கெழமையாவது நான் ஓட்டலாமா கூடாதா? அதச் சொல்லு.”

“தாராளமா ஓட்டு மாமா. உன்ன வுட்டா எனக்கு யாரு கீறா?”

அவன் முதுகு தானாக நிமிர்ந்தது. ஹில்டாவின் முகம் சொரூபம் மாதிரியே இருந்தது.

“அம்மாவுக்குப் போன் பண்ணி, இனிமே வாராவாரம் வந்துடுவோம்னு சொல்லிட்டேன். வண்டிதான் கீதே.”