அடிக்கும் அடிக்கும் நடுவே

"பாட்டுல என் பேரும் வரணும்."

ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள்: இங்கே எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே. அவள் கேட்டுவிட்டாள். அதுவும் பாட்டை வாங்க வந்த தயாரிப்பாளர் சோபாவில் சாய்ந்திருக்கும்போது.

இசையமைப்பாளர் சிரித்தார். "பட்டதாரிக்குக் கோபத்தைப் பாரேன். பட்டன் அமுக்கறதுக்கெல்லாம் பேரு போட்டா, கரண்ட் ஆபீசுக்கும் போடணும்."

அவளை அப்படித்தான் கூப்பிடுவார். பட்டதாரி. ஏதோ தோல் வியாதி மாதிரி.

தயாரிப்பாளரிடம் திரும்பினார். "இந்த டிரம்ஸ் இருக்கே சார், வெளிநாட்டுல மண்டபம் எடுத்து நானே அடிச்சது."

அடித்தது அவள். தன் வீட்டுக் குளியலறையில்.

"அடி நெஞ்சுல இறங்கலையே," என்றார் தயாரிப்பாளர்.

"கம்ப்ரஷனை ஏத்தும்மா."

கம்ப்ரஷன் என்றால், ஓங்கி ஒலிப்பதைத் தலையில் தட்டி உட்காரவைத்துவிட்டு, மொத்தத்தையும் தூக்கிவிடுவது. பதுங்கிக் கிடந்ததும் கூடவே எழுந்து வரும். ஏற்றினாள். அடி இறங்கியது. நடுவே சொட்டுச் சொட்டென்று ஏதோ கேட்டது.

"மழை சார். அங்க எப்பவும் மழைதான்," என்றார் இசையமைப்பாளர். "இன்னும் ஏத்து, அமுங்கிடும்."

"வேணாம் சார். ஏத்தினா அதுவும் ஏறும்."

"எனக்கே பாடமா? ஏத்து."

ஏற்றினாள். யாரோ கக்கூஸில் தண்ணீர் ஊற்றினார்கள்.

"அருவி," என்றார் அவர், நெற்றியைத் துடைத்தபடி. "கடைசி வரைக்கும் தள்ளு."

தள்ளினாள். ஸ்பீக்கரிலிருந்து ஒரு பெண்குரல், தாளம் பிசகாமல் வந்தது: "எங்க பரம்பரையிலயே முதல் பட்டதாரி, வாளியைக் கவுத்துப் போட்டுத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கா."

தயாரிப்பாளர் அவளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "வெளிநாட்டுல நம்ம பாஷை நல்லாவே பேசுறாங்களே."

"சார், அது வந்து..."

"முதல்ல அந்தப் பொண்ணு பேரைப் போடுங்க."

"வேணாம் சார்," என்றாள் அவள். ஸ்டுடியோச் சாவியை மேஜையில் வைத்தாள். "வாளி எங்க வீட்டுலதான் இருக்கு. டிரம்ஸ் வேணும்னா அங்க வாங்க."

பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். படியிறங்கும்போது கைப்பேசி அடித்தது. அம்மா.

"என்னடி, நீ சொன்ன மாதிரியே குழாயைச் சொட்ட விட்டு, கதவுக்கு வெளிய நின்னு திட்டினேனே, கேட்டுச்சா அவனுக்கு?"