பேர் சொல்லாத புகார்

“ஐசியைக் குடுத்துட்டு உள்ள போம்மா. மந்திரியே வந்தாலும் அதான் இங்க ரூல்.”

பிரிக்பீல்ட்ஸ் அடுக்ககத்தின் வாசலில், அடையாள அட்டைக்காகக் கையை நீட்டியபடி, தடுப்புக் கம்பியருகே வழியை மறித்துக்கொண்டு நின்றார் தம்புசாமி. குடியிருப்பாளர் சங்கத் தலைவர். சம்பளமில்லாத பதவி. அதனாலேயே அதிகாரத்தைக் கொஞ்சமும் வீணாக்காமல் அனுபவித்தார்.

எதிரே நின்ற இளம்பெண் மாதவி பொறுமையாகச் சொன்னாள். “அங்கிள், நான் டேட்டா பாதுகாப்பு இலாகா அதிகாரி. காவல் கூண்டுல ஐசியை வாங்கி வைக்கிறதே தப்பு லா. ஒரு புகார் விஷயமா வந்திருக்கேன். உள்ள ஒரு வீட்டுக்குப் போகணும்.”

புகாரா! தம்புசாமிக்குச் சுருக்கென்றது. பி பிளாக் மாரிஸின் வேலையாகத்தான் இருக்கும். அவன் மச்சானை மழையில் நிறுத்தி ஐசி கேட்டதற்குப் போன வாரம்தான் குதித்துவிட்டுப் போனான். வழக்கு, அபராதம் என்று வந்தால் தலைவர் பதவி போய்விடும். அந்த நாற்காலியில் மாரிஸ் உட்காருவான்! நினைக்கும்போதே அவருக்கு எரிந்தது.

“எவன் புகார் குடுத்தான்? பேரைச் சொல்லு.”

“வெளியாள்கிட்ட சொல்ல முடியாது அங்கிள். சட்டம்.”

“நான் வெளியாளா? சரி, நீ நிஜ அதிகாரின்னு எப்படி நம்பறது?”

மாதவி தன் அலுவலக அட்டையை நீட்டினாள். தம்புசாமி அதைப் படம் பிடித்தார். வருகிற போகிறவர்களுக்கெல்லாம் செய்வதுபோல, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்: ‘இந்தப் பெண்ணை யாருக்காவது தெரியுமா?’

“அங்கிள்! அதுல என் ஐசி நம்பர் இருக்கு. உடனே அழிங்க!”

அழித்தார், தன்னுடைய கைப்பேசியில் மட்டும்.

காவலாளி விஜயன் தயங்கித் தயங்கிச் சொன்னான். “பாஸ், என் போன்ல இன்னும் இருக்கு. பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சான்னு சாந்தமேரி ஆன்டி கேக்கறாங்க.”

தம்புசாமி உடனே குழுவில் குரல் பதிவு போட்டார். “அந்தப் படத்தை யாரும் வெளிய அனுப்பக் கூடாது. இது சட்ட விஷயம்!” அதுவரை பார்க்காதவர்களும் தேடிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் காப்பார் ஊரிலிருந்து அவர் தங்கை கூப்பிட்டாள். அவள் குரல் மாதவிக்கும் கேட்டது.

“அண்ணே, மாதவின்னு ஒருத்தி போலி அதிகாரியா சுத்தறாளாம். படத்தோட வந்திருக்கு. ஜாக்கிரதை!”

மாதவியின் முகம் சிவந்தது. நிலைமையைச் சமாளிக்க நினைத்தான் விஜயன். “அக்கா, நாங்க எதையும் தொலைக்க மாட்டோம். பாருங்க, எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்!” என்று பெருமையாக மேசை இழுப்பறையைத் திறந்தான். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுக்கட்டாக ஐசிகள். ரவாங் ஊருக்குக் குடிபோய்விட்ட பிளம்பரின் ஐசிகூட அதில் பத்திரமாக இருந்தது.

“இதுக்கெல்லாம் கேஸ் வரும் அங்கிள். அபராதம் வரும். ஜெயில்கூட வரலாம்.”

வேறு யாராவது என்றால் காலில் விழுந்திருப்பார்கள். தம்புசாமி நெஞ்சை நிமிர்த்தினார்.

“போடும்மா கேஸ்! இந்த வாசல்ல இதுவரைக்கும் ஒரு செருப்பு திருடு போயிருக்கா? ஜனங்களைக் காப்பாத்தினதுக்கு ஜெயில்னா, சந்தோஷமா போறேன். ஒரு வார்த்தைகூட மன்னிப்புக் கேக்க மாட்டேன். ஆனா பேரை மறைச்சுக்கிட்டு புகார் குடுத்தான் பாரு ஒரு கோழை, அவனை மட்டும் என் முன்னால கொண்டு வந்து நிறுத்து!”

மாதவி பேனாவை எடுத்தாள். “உங்க பேரு?”

“தம்புசாமி. ஏ பிளாக், ஆறாவது மாடி. நல்லா கொட்டை எழுத்துல எழுதிக்க!”

பேனா பாதியில் நின்றது. மாதவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“யாரோ உங்க நம்பரை லோன்காரனுங்களுக்கு வித்துட்டாங்கன்னு போன மாசம் எங்களுக்குப் புகார் போட்ட தம்புசாமி நீங்கதானா அங்கிள்?”