ஒட்டகத்துக்கு நடுவே அக்கா சொன்னது

எனக்குச் சந்தேக புத்தி அதிகம். குறிப்பாக, ஒருவர் சொன்னதை இன்னொருவர் வந்து சொன்னால் நம்பவே மாட்டேன். எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் ஒரு பேச்சு நாலு வீடு தாண்டினால், பாதி சொன்னவருடையது, மீதி கொண்டுவந்தவருடையது. அக்காவுக்கு வந்த முதல் சம்பந்தம் அப்படித்தான் கலைந்தது. பெண் யோசிக்க வேண்டும் என்கிறாள் என்று அனுப்பிய சேதியில் தூது போன அத்தை தன் கருத்தையும் கலந்து, பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்தக் கடுப்பில் இருந்தபோதுதான் இணையத்தில் லோஜ்பான் என்ற மொழி கண்ணில் பட்டது. குழப்பமே வரக்கூடாது என்று சிலர் உட்கார்ந்து உருவாக்கிய மொழி. வேற்றுமொழிப் பேச்சை அதில் எடுத்துச் சொல்ல அருமையான விதி உண்டு. ஏதாவது ஒரு சொல்லை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை சொல்ல வேண்டும். வேலி போட்ட மாதிரி. உள்ளே இருப்பது அவர் பேச்சு, வெளியே இருப்பது நம் பேச்சு. ஆனால் வேலிச் சொல் உள்ளே வந்துவிட்டால் மேற்கோள் அங்கேயே முடிந்துவிடும். அப்போது என்ன செய்வது என்று அந்த மொழியைக் கற்கும் எங்கள் இணையக் குழுவில் ஓயாத சண்டை. யாரும் புழங்காத சொல்லாக எடுத்தால் தீர்ந்தது என்று நான் (சேர்ந்து மூன்றே மாதமான மேதை) தீர்ப்பு வழங்கினேன். நான் எடுத்த சொல், ஒட்டகம். நெய்வேலியில் யார் ஒட்டகத்தைப் பற்றிப் பேசப் போகிறார்கள்?

அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து, நான் குழுவினரோடு போனில் லோஜ்பான் பேசுவதைக் கதவோரம் நின்று கேட்பார். ஒரு நாள், இது எந்த நாட்டு பாஷை என்றார். எந்த நாட்டு பாஷையும் இல்லை என்றேன். அன்றிலிருந்து எனக்கு வரும் கூரியரை அவரே பிரித்துப் பார்த்தார்.

நெல்லிக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அக்கா ஆறு வருஷம் காண்ட்ராக்டில் இருந்து அப்போதுதான் பெர்மனென்ட் ஆகியிருந்தாள். வேலையை விடச் சொன்னால் கல்யாணமே வேண்டாம் என்பது அவள் முடிவு. ஆனால் மாப்பிள்ளையைப் பிடித்தும் இருந்தது (போட்டோவை மூன்று தடவை கேட்டு வாங்கினாள்). அதனால் அத்தையை நம்பாமல் என்னை அனுப்பினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடத்தில் போய் நின்று நிதானமாகச் சொன்னேன்.

"அக்கா சொல்றாங்க. ஒட்டகம். வேலையை விட மாட்டேன், அதுக்கு ஒத்துக்கிட்டா எனக்குச் சம்மதம். ஒட்டகம்."

காப்பி டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. மாப்பிள்ளை மெல்ல சட்டைக் காலரை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்குக் கழுத்து கொஞ்சம் நீளம் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அவருடைய தாய்மாமன் டம்ளரைக் கீழே வைத்தார். "யாரும்மா ஒட்டகம்? எங்க புள்ள ஒசரந்தான். அதுக்குன்னு வூட்டுக்கு வந்தவங்கள உக்கார வச்சிக்கினு இப்படியா பேசுவீங்க?"

இவள் மூன்று மாதமாகவே போனில் யாருடனோ புரியாத பாஷையில் பேசுகிறாள் என்று அப்பா தன் பங்குக்கு உதவினார். உள்ளே யாருக்கோ சங்கேதம் போகிறது என்று முடிவு கட்டிய தாய்மாமன், கொல்லைக் கதவை ஒரு பார்வை பார்த்தார்.

நான் அக்காவிடம் ஓடினேன். என்ன சொன்னார்கள் என்றாள். "ஒட்டகம். யாரும்மா..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். அடுத்த சொல்லே ஒட்டகம். சொன்னால் வேலி மூடிவிடும், மிச்சக் கோபமெல்லாம் என் சொந்தக் கோபமாகிவிடும். விதியை மீற மனம் வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. "வேணாம்னுட்டாங்க, அதானே? மறைக்காத."

அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் அவள் என்னைத் தள்ளிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

"நான் வேலைய விட மாட்டேங்க. இத நானே சொல்றேன்."

"நானும் விடச் சொல்லலைங்களே," என்றார் மாப்பிள்ளை. பிறகு தயங்கி, "அப்ப அந்த ஒட்டகம்?" என்றார்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் என் பக்கம் கையைக் காட்டினாள்.

ஒட்டக வேலியின் விதியை நான் எல்லாருக்கும் விளக்கி முடித்தபின் கல்யாணம் நடந்தது. அதன் பிறகு எந்தச் சேதியும் என் வழியாகப் போனதில்லை. சம்பந்தப்பட்டவரிடமே போனைக் கொடுத்துவிடுகிறார்கள். நான் எதையாவது சொல்லி நிறுத்தினால் அக்கா வீட்டுக்காரர் பணிவாகக் கேட்பார், "முடிச்சிட்டியாம்மா, இல்ல இன்னும் உங்க அக்கா பேச்சுக்குள்ளதான் நிக்கிறியா?" எனக்கே சில சமயம் அந்தச் சந்தேகம் உண்டு.