காத்தண்ணை அனுப்பிய சூடு

சுவிற்சர்லாந்துக்கு வந்த தமிழர்கள் எல்லாரும் மனிதரிடம்தான் வேலை கேட்டார்கள். காற்றிடம் வேலை வாங்கியவர் ஒருவர்தான். அவரை நாங்கள் காத்தண்ணை என்போம். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய விசா அட்டையில் இருந்திருக்கும்; அதை வாசித்த யாரையும் நான் சந்தித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சூக் நகருக்கு வெளியே, மேட்டில் ஒரு பழைய மரவீடு. மேல்தட்டில் நான், கணவர், இரண்டு மாதப் பெண்குழந்தை. கீழே காத்தண்ணை. நிலக்கீழ் அறையில் இருந்த எண்ணெய் அடுப்புதான் தகரக் குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் சூடான காற்றை ஊதிக்கொண்டிருந்தது. அந்த மார்கழியில் அது செத்துப்போனது. "வசந்தத்தில் பார்க்கலாம்" என்றார் வீட்டுச் சொந்தக்காரர். வசந்தம் வரும்வரை குழந்தை என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. மிச்சமிருந்தது காத்தண்ணையின் அறையிலிருந்த விறகடுப்பு ஒன்றுதான்.

குழந்தையைப் பார்க்க வந்த தாதி தொட்டிலருகே வெப்பமானியைப் பிடித்தார். பதினான்கு. "பதினெட்டுக்குக் குறையக் கூடாது. அடுத்த வியாழன் வருவேன்" என்று சொல்லி, எதையோ எழுதிக்கொண்டு போனார். அந்த எழுத்துதான் என்னைக் கொன்றது. பிள்ளையைக் குளிரில் வைத்திருந்தால் அரசாங்கத்தார் பறித்துக்கொண்டு போய்விடுவார்களாம் என்று கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். யாரோ சொல்வதை நான் எப்போதும் நம்புவேன். உட்கார்ந்து அழுதேன்.

"தங்கச்சி, அழாதை" என்றது சுவர்.

துள்ளி எழுந்தேன். குரல், காற்று வருகிற ஓட்டையிலிருந்து வந்தது.

"அண்ணை, எங்க நிக்கிறியள்?"

"நிலத்துக்குக் கீழ. நெருப்புத்தானே செத்தது, ஊதுற மோட்டர் உயிரோட கிடக்கு. என்ர அறைச் சூட்டை இழுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லப்போறன்."

"புகையும் சேந்து வருமோ? பிள்ளைக்கு மூச்சு முட்டாதோ?"

"புகை புகைக்கூட்டால போகும். உனக்குப் படிச்ச மூளை, அதுதான் எல்லாத்துக்கும் பயம்."

அவருடைய படிப்பு, ஓர் உணவகத்தில் மூன்று வருடம் கோப்பை கழுவியபடி அடுப்புக்கு மேலே சுழன்ற விசிறியை அண்ணாந்து பார்த்தது.

மோட்டரைப் போட்டதும் வீட்டுக்குள் லொறி வந்தது போலிருந்தது. ஓட்டையிலிருந்து பல வருடத் தூசி, காய்ந்த குளவி ஒன்று, யாரோ ஒருவரின் ஒற்றைக் காலுறை எல்லாம் வந்து விழுந்தன. குழந்தை தும்மியது. அடுத்த தும்மலுக்குள் நான் மூன்று வியாதிகளை நினைத்து முடித்தேன்.

பிறகு இரண்டு நாள், எந்த ஓட்டையில் காற்று எப்படிப் போகிறது என்று பார்க்க, ஒவ்வொன்றின் முன்னும் காத்தண்ணை ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜன்னல் வழியாகக் கண்ட தபால்காரர் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றினார்.

ஒரு தொல்லை: சூட்டோடு பேச்சும் போய் வந்தது. "இண்டைக்கும் பருப்போ?" என்று கணவர் முணுமுணுத்தால், "இருக்கிறதைச் சாப்பிடும் தம்பி" என்று சுவர் அதட்டும்.

வியாழன் வந்தது. தாதியும் வந்தார். வெப்பமானி இருபது காட்டியது. தாதி சிரித்தார். ஒரு கிழமைக்குப் பிறகு நான் மூச்சை முழுதாக விட்டு, முழுதாக உள்ளே இழுத்தேன். இழுத்திருக்கக் கூடாது.

வியாழன் காத்தண்ணையின் ஓய்வுநாள். சும்மா எரிகிற நெருப்பை ஏன் வீணாக்க வேண்டும் என்று, கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்கியிருந்தார். ஊரில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் அயலில் நாலு வீடு தும்மும். இங்கே மோட்டர் அதை அறை அறையாகக் கொண்டுபோய்ப் பங்கிட்டது. தாதியின் கையிலிருந்து பேனா விழுந்தது. நான் குழந்தையைப் போர்வையால் மூடிக்கொண்டு வெளியே ஓடினேன். இருமி இருமி, கண்ணீர் வழிய, தாதியும் பின்னால் ஓடிவந்தார்.

கையில் அகப்பையோடு காத்தண்ணை வாசலுக்கு வந்தார். "என்ன, எல்லாரும் பனிக்குள்ள நிக்கிறியள்? உள்ளுக்க நல்ல சூடெல்லோ!"

பிள்ளை போச்சு என்று முடிவெடுத்துவிட்டேன்.

மிளகாய்ச் சட்டியைப் பனியில் இறக்கி, வீட்டைத் திறந்து காற்றாட விட்ட பிறகு, தாதி அந்த விறகடுப்பைப் பார்க்க வேண்டும் என்றார். மொழிபெயர்க்க நானும் போனேன். காத்தண்ணையின் கட்டிலுக்கு நேர் மேலே ஜன்னல் ஒரு சாண் திறந்து, அசையாதபடி கட்டை வைத்து இறுக்கப்பட்டிருந்தது. போர்வையில் பனித்தூள். தாதி வெப்பமானியைக் கட்டிலில் வைத்தார். ஒன்பது.

"இது ஏன் திறந்திருக்கிறது?"

அதைத் தமிழில் அவரிடம் கேட்டேன்.

"பூட்டினா மோட்டர் அடுப்புக்குள்ள இருக்கிற புகையையும் இழுத்துப்போடும். புதுக் காத்து எங்கயாலயாவது வரத்தானே வேணும். என்ர பக்கத்தால வரட்டும், மேல பிள்ளை கிடக்குதெல்லோ" என்றவர், குரலைத் தணித்தார். "இதை அவவுக்குச் சொல்லாதை, தங்கச்சி. எழுதிப்போடுவா. பிறகு மோட்டரை நிப்பாட்டச் சொல்லுவா."

படிவத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலே தூக்கம் வராதவள் நான். அன்று நிமிர்ந்து நின்று, நல்ல ஜெர்மனில் சொன்னேன்: "அவருக்குச் சூடு ஒத்துக்கொள்ளாதாம்."

தாதி அவருடைய கம்பளித் தொப்பியைப் பார்த்தார். ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு சோடிக் காலுறைகளையும் பார்த்தார். 'குழந்தையின் அறை: இருபது' என்று மட்டும் எழுதிப் பேனாவை மூடினார். பிறகு குனிந்து, அந்தப் போர்வையின் ஒரு பக்கத்திலிருந்த பனியைத் தட்டிவிட்டார். மறுபக்கத்தை நான் தட்டினேன்.