சாட்சிக்குக் கூட்டிப்போன மகள்

அடுத்தவர் மனத்தை மாற்றும் திறமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது. இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்த பிறகு, இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

மலேசியாவில் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. அந்த வருடம் இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் ஒன்றாம், இரண்டாம் ஆண்டுகளை ஒரே வகுப்பாக்கிவிடுவார்கள் என்ற நிலை. லோரி ஓட்டும் சேகர் வீட்டில் ஒன்றாம் ஆண்டில் சேரும் வயதில் ஒரு பையன் இருந்தான். "நீங்கதான பயிற்சிக்குப் போனீங்க, போய்ப் பேசுங்க டீச்சர்" என்றார் தலைமையாசிரியர்.

பேசுகிறவருக்கு விஷயம் தெரிய வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், கேட்பவருக்கு 'இவள் நம்மில் ஒருத்தி' என்று தோன்ற வேண்டும். பயிற்சியில் சொன்னது இவ்வளவுதான். தடிமனான ஒரு ஃபைலை எடுத்துக்கொண்டேன். தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டேன். (வெயில் கொளுத்தியது.) நானும் ஒரு தாய்தான் என்று காட்ட, என் மகள் யாழினியையும் காரில் ஏற்றிக்கொண்டேன்.

அவள் படித்தது டவுனில் இருந்த சீனப் பாலர் பள்ளியில். ஒன்றாம் ஆண்டுக்கும் சீனப்பள்ளியிலேயே பதிந்திருந்தோம். (பள்ளியில் யாருக்கும் சொல்லவில்லை.) அது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.

தாய்மொழிக் கல்வியைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். சேகர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் மனைவி மலர் மட்டும் மரியாதைக்குத் தலையாட்டினாள். பிறகு, "பாப்பா, நீ ஒரு பாட்டு பாடு" என்றாள்.

யாழினி எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டி ஒரு சீனப் பாட்டை முழுதாகப் பாடினாள். முடித்ததும் குனிந்து வணங்கினாள்.

சேகர் கைப்பேசியைக் கீழே வைத்தார். "அட, சூப்பர் லா! எந்தப் பள்ளிக்கூடம் டீச்சர்?"

"அது வந்து..." என்று நான் இழுப்பதற்குள், யாழினி பள்ளியின் பெயர், அவள் டீச்சர் பெயர், பஸ் நிற்கும் இடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

"டீச்சர் புள்ளையே அங்க படிக்குதுன்னா சும்மாவா? டீச்சருக்குத் தெரியாததா?" என்றாள் மலர்.

விஷயம் தெரிந்தவள், லட்சணமானவள், நம்மில் ஒருத்தி. மூன்றும் கச்சிதமாக வேலை செய்திருந்தன. புடவை முழுக்க வியர்வையில் நனைந்துவிட்டது. அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுவாரமே பையனைச் சீனப்பள்ளியில் பதிந்துவிட்டார்கள். நன்றி சொல்லி ஒரு டப்பா முறுக்கு வேறு கொடுத்தனுப்பினாள் மலர். நடந்ததைத் தலைமையாசிரியரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் டப்பாவிலிருந்து இரண்டு முறுக்கை எடுத்துத் தின்று முடித்தார்.

"டீச்சர், நமக்கு ஒரு புள்ளதான குறையுது?"

திங்கட்கிழமை யாழினியின் பதிவை மாற்றினேன். இப்போது அவள் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். அந்தச் சீனப் பாட்டு சுத்தமாக மறந்துவிட்டது. ஆனால் இன்றும் நான் யாருக்காவது புத்தி சொல்ல வாயெடுத்தால் போதும், என் கணவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்:

"நீ சும்மா இரு லா. பாப்பாவப் பாடச் சொல்லு!"